என் பேரில் எழுதிய சர்க்கரை

1

கொளஞ்சி, ராசேந்திரா, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் உங்களுக்குள் படித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். கவரைப் பிரித்த கையோடு வாசலில் நின்று சத்தமாக வாசிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக் காதில் விழுந்தால் நாளைக்கே வரதராசன்பேட்டை வரைக்கும் போய்விடும். அதுவும் இரண்டு விரலை இரண்டு காலாக்கிக்கொண்டு போகும்.

பொங்கலுக்கு நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து இரண்டு பேரும் எழுதியிருந்தீர்கள். வலது காலில் ஷூவும் இடது காலில் முன்பக்கம் வெட்டின செருப்பும் போட்டுக்கொண்டு நிற்கிறேன். "அங்க இப்ப அதான் ஸ்டைலாப்பா?" என்று ராசேந்திரன் கேட்டிருந்தான். கொளஞ்சி ஸ்டைலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இடது காலில் மூன்று விரல்தான் தெரிகிறது, மீதி எங்கே?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இல்லை கொளஞ்சி. பலகை விழுந்து நசுங்கிவிட்டது என்று உங்கள் அம்மாவுக்கு எழுதியது பொய். எனக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எனக்குச் சர்க்கரை என்று என் பேரில் எழுதியிருந்தார்கள். நான் நம்பவில்லை. நம்பாததற்கு எனக்கு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பெரம்பலூரிலிருந்து மொபெட்டில் ஒருவர் வந்து, மாதாமாதம் பணம் கட்டினால் வீட்டில் யாருக்கு வியாதி வந்தாலும் கம்பெனியே செலவு பார்க்கும் என்று சொல்லி அம்மாவிடம் ஒரு பாரத்தை நீட்டினார், அதில் கையெழுத்துப் போடலாமா என்று ராசேந்திரன் கேட்டிருக்கிறான். அதற்கும் பதில் இதிலேயே வரும்.

2

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது, திருச்சியில் மெடிக்கல் டெஸ்ட் வாசலில் ஏஜெண்டு எங்களை வரிசையாக நிறுத்திவைத்துச் சொன்னார். "இங்க பாருங்க, உள்ள எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடுங்க. இருமல் உண்டா? இல்ல. ஆபரேசன் பண்ணியிருக்கா? இல்ல. அப்பா எதுல செத்தாரு? வயசாயிச் செத்தாரு. அவ்ளதான்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "எங்கப்பா உசுரோட இருக்காருங்களே" என்றான்.

"அப்ப அதுக்கும் இல்லைன்னு சொல்லு" என்றார் ஏஜெண்டு.

அந்த ஒரே வார்த்தையோடுதான் நான் விமானம் ஏறினேன். இங்கே வந்து சென்ட்ரிங் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் கம்பெனியில் ஆளுக்கு ஒரு நீல அட்டை கொடுத்தார்கள். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். போட்டோ கிடையாது. இதைக் காட்டினால் கேம்ப் கிளினிக்கில் டாக்டர் பார்ப்பார், மருந்தும் சும்மா கொடுப்பார்கள் என்றார்கள். அரபியில் நம் 'ச்ச' சத்தம் இல்லையாம், அதனால் பிச்சமுத்து என்ற நான் அந்த அட்டையில் பிஷாமுத்து ஆகிவிட்டேன்.

எங்கள் அறையில் ஆறு பேர். அன்று சாயங்காலம் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். ஒருத்தன் சும்மா வைத்தியம் பார்க்கிறேன் என்றால் அதில் அவனுக்கு என்ன ஆதாயம் என்பதுதான் எல்லார் கேள்வியும். பண்ருட்டிக்காரர் ஒருவர் எங்களுக்கு மூத்தவர். அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"மாட்டுச் சந்தையில பல்லைப் புடிச்சுப் பாக்குறான்ல, அதுதான் இது. எந்த மாடு இன்னும் எத்தினி நாளைக்கு உழும்னு கணக்கு எடுக்குறான். மூணு வாட்டி கிளினிக் போனா, நாலாவது வாட்டி ஏர்போர்ட்டு."

அவர் சொன்னதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. ஆனாலும் ஆறு பேரும் நம்பினோம். அட்டை பெட்டிக்கு அடியில் போனது. காய்ச்சல் வந்தால் சுக்குத் தண்ணீர். முதுகு பிடித்தால் தைலம். இப்படியே வருஷங்கள் போயின.

3

கொளஞ்சி, உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. நீ ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். நம் தெருவில் அப்போது ஒரு வழக்கம். யாராவது ஒருத்தி பஸ் ஏறினால் போதும், தெருவில் உள்ள வியாதியெல்லாம் அவளோடு ஏறிவிடும். கூலி வேலையை விட்டுவிட்டு எல்லாரும் போக முடியாதே. ஒருத்தி சீட்டு வாங்கி, எல்லார் வலியையும் தன் வலியாகச் சொல்லி, மருந்து வாங்கி வந்து வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பாள். தலைவலி மாத்திரை கிழக்கே, வயிற்று மருந்து மேற்கே.

ஒரு தரம் நானும் கூட வந்திருந்தேன். இருமல், மூட்டுவலி, சொறி, காதில் சீழ் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு ஆளுக்கு ஒரே நாள்ல இத்தனை வியாதியா?"

"ஏழைக்கு எல்லாம் சேர்ந்துதான் சார் வருது" என்றாள் அம்மா.

நீ சும்மா இருக்கக்கூடாதா? "காது நமக்கில்லம்மா, பக்கத்து வூட்டு அத்தைக்குத்தானே" என்று சொல்லிவிட்டாய். டாக்டர் சிரித்தார். ஆனால் காதுக்கும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். அத்தைக்குக் காது நன்றாகிவிட்டது.

சீட்டில் ஒரு பேர், வியாதி வேறு பேருக்கு. அதில் ஒரு தப்பும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் ஜெயங்கொண்டத்தில் அந்தச் சீட்டை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிடுவோம். இங்கே கிழிப்பதில்லை. எழுதினால் எழுதினதுதான், பைலில் தூங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

4

கல்லங்குறிச்சிக் கலியபெருமாள் என்று ஒரு பையனைப் பற்றி முன்னே எழுதியிருக்கிறேன். அவனைக் கூட்டி வந்த ஆள் வேலை கொடுக்காமல் கைவிட்டுவிட்டான். நம் பக்கத்து ஆள் என்று எங்கள் அறையில் சேர்த்துக்கொண்டோம். நாள் கூலிக்குக் கலவை சுமப்பான். அவனுக்குக் கம்பெனியும் இல்லை, அட்டையும் இல்லை.

திடீரென்று அவன் இளைக்க ஆரம்பித்தான். தண்ணீர் குடித்த வாய் மூடுவதற்குள் மறுபடியும் தண்ணீர். ராத்திரியில் ஐந்து தரம் எழுந்து போவான். ஒரு நாள் சாரத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். அவனை வெளியே காட்டினால் செலவு அவனால் தாங்காது. பெட்டிக்கு அடியிலிருந்த என் அட்டையை எடுத்து அவன் சட்டைப்பையில் வைத்தேன்.

"பிஷாமுத்துன்னு கூப்புடுவான். எழுந்து போ. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"மாட்டிக்கிட்டா, மாமா?"

"அவனுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிடா. போய்ட்டு வா."

கிளினிக்கில் இருந்தவர் சூடான் நாட்டு டாக்டர். பனை மாதிரி உயரம், அதிகம் பேசமாட்டார். அவர் பேச்சை நமக்குச் சொல்கிறவர் கம்பவுண்டர் வர்கீஸ், மலையாளத்துக்காரர். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கலியபெருமாள் அழாத குறையாகத் திரும்பி வந்தான்.

"மாமா, ஒங்க பேருல வியாதிய எழுதிட்டானுவோ."

"எழுதட்டும்டா. பேருக்கா வலிக்கப்போவுது?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பண்ருட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒண்ணு ஆச்சு பிச்சமுத்து" என்று விரலை நீட்டிக் காட்டினார்.

மாதம் ஒரு தரம் அவன் என் அட்டையோடு போய் மாத்திரை வாங்கி வந்தான். நாலு தரம் போயும் ஏர்போர்ட்டு வரவில்லை; மாத்திரை வாங்கப் போவது கணக்கில் சேராது என்றார் பண்ருட்டிக்காரர். பையனுக்கு உடம்பு தேறியது. ஆறேழு மாதத்தில், தாள் இல்லாதவர்கள் அபராதம் இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தபோது கிளம்பிப் போய்விட்டான். அரியலூரில் டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான் என்று கடிதம் வந்தது. அட்டை என் கைக்குத் திரும்பியது. வியாதி அவனோடு ஊருக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

5

அவன் போன பிறகு வர்கீஸ் என்னை விடவில்லை. மாத்திரை வாங்கப் பிஷாமுத்து வரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்புவார். நான் போகமாட்டேன். இந்த ஆளுக்கு என் மேல் என்ன அக்கறை என்று சந்தேகம்தான் வந்தது.

போன வருஷம் கம்பெனியில் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. இனிமேல் பெரிய வைத்தியத்துக்கெல்லாம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்குமாம். டைம்கீப்பர், அவர் மெட்ராஸ்காரர், சாப்பாட்டுக் கூடத்தில் வந்து நின்று படித்தார். "சுகர், பிரஷர், ஆஸ்துமா இருக்கிறவங்க பேர் தனி லிஸ்ட்ல போவும். லிஸ்ட் தப்புன்னு யாராவது நெனச்சா, எனக்கு வியாதி இல்லைன்னு ஒரு பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தனி லிஸ்ட் என்ற சொல் போதும். அன்றைக்கு எங்கள் அறையில் சோறு இறங்கவில்லை. தனியாக எழுதுகிறவன் தனியாகத்தான் அனுப்புவான் என்றார் பண்ருட்டிக்காரர். பட்டியலில் பிஷாமுத்து மூன்றாவது பேர். கொளஞ்சிக்குப் பத்தாவது முடிந்து மேலே படிப்பு இருக்கிறது, வீட்டுச் சுவர் பாதியில் நிற்கிறது, இந்த நேரத்தில் அடுத்தவன் வியாதிக்காக நான் ஊர் திரும்ப வேண்டுமா?

லீவு முடிந்து வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிப் பருப்பில் அரைக் கிலோவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர்கீஸிடம் போனேன். அந்தப் பேரை அடித்துவிடுங்கள் என்றேன்.

"எழுதியது ஞானல்ல, டாக்டரு. ஷுகர் உள்ளது நிங்ஙள்க்கு."

"அது என் ரத்தம் இல்லீங்க."

"பின்னே ஆருடெ?"

கலியபெருமாள் பேரைச் சொன்னால் அட்டையைக் கைமாற்றியது வெளியே வரும் என்று, பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். வர்கீஸுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. முந்திரியை என் பக்கமே தள்ளிவிட்டார்.

"சரி. இப்போ கை நீட்டு. ஒரு துளி ரத்தம். ஷுகர் இல்லெங்கில் ஞானே அடிச்சு தராம்."

கையை நீட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு எங்கே புத்தி போயிற்று என்றால், முந்திரியை வேண்டாம் என்கிறவன் வேறு எதையோ எதிர்பார்க்கிறான் என்று போயிற்று. பழைய ரத்தமும் புதிய ரத்தமும் ஒத்துவராவிட்டால் அதையே சாட்சியாக வைத்து என்னைப் பிடித்துவிடுவார்கள் என்றும் பயந்தேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, டைம்கீப்பரிடம் பாரம் வாங்கி, எனக்கு எந்த வியாதியும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து அறையில் எல்லாருக்கும் முந்திரியைப் பங்கு வைத்தேன்.

6

அதற்கப்புறம் நாலு மாதம் கழித்து, சென்ட்ரிங் பலகை பிரிக்கும்போது ஓர் ஆணி ஷூவைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியது. ஏறியதே எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தேன். வலி இல்லாததால் பெரிய காயம் இல்லை என்று மஞ்சள் வைத்துக் கட்டினேன். வலிக்காததுதான் அதில் மோசம் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கு முன்னாலேயே எனக்குத் தாகம் கூடியிருந்தது. இளைத்திருந்தேன். போட்டோவில் மெலிந்து தெரிகிறாய் அப்பா என்று நீங்களே ஒரு தரம் எழுதியிருந்தீர்கள். எல்லாம் கலியபெருமாளிடம் நான் கண்ணால் பார்த்த அடையாளங்கள். அவனிடம் பார்த்ததை என்னிடம் பார்க்கவில்லை. சர்க்கரை அவனுடையது, எனக்கு வெயில் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சுண்டுவிரல் கறுத்தது. பண்ருட்டிக்காரர்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டேய், இது வேற வாசனைடா" என்று என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏர்போர்ட்டு என்று விரல் நீட்டிய அதே மனுஷன்.

சூடான் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பழைய பைலை எடுத்தார். ஏதோ கேட்டார். இரண்டு வருஷமாகத் தெரிந்தும் ஏன் மருந்து சாப்பிடவில்லை என்று கேட்கிறார் என்றார் வர்கீஸ். அப்போதுதான் சொன்னேன், அது என் சர்க்கரை இல்லை, கலியபெருமாளுடையது, அட்டையை நான்தான் கொடுத்தேன் என்று. டாக்டர் கோபிக்கவில்லை. என் விரலைப் பிடித்து அவரே ஊசியால் குத்தினார். பார்த்துவிட்டு வர்கீஸிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"இது நிங்ஙளுடெ" என்றார் வர்கீஸ். இந்தச் சர்க்கரை என்னுடையதேதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் தாளைப் பார்த்தார்கள். பைலில் இரண்டு வருஷச் சர்க்கரை. பாரத்தில் வியாதி இல்லை என்று என் கையெழுத்து. தெரிந்தே மறைத்தவன், பணம் தரமுடியாது என்றார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கம்பெனி ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்ததில் ஒன்பது நாள் போயிற்று. கடைசியில் சூடான் டாக்டர் தன் பொறுப்பில் ஒரு கடிதம் கொடுத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முதலில் ஒரு விரல்தான் கெட்டிருந்தது. அந்த ஒன்பது நாளில் பக்கத்து விரலும் சேர்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது தனி லிஸ்டைப் பற்றி வர்கீஸிடம் கேட்டேன். இவர்களுக்கு இன்ன வியாதி இருக்கிறது என்று கம்பெனியே முன்கூட்டிச் சொல்லி, அதற்கும் சேர்த்துப் பணம் கட்டிய பட்டியலாம் அது. அதில் இருந்த ஒருத்தரையும் ஊருக்கு அனுப்பவில்லை. என்னையும் அனுப்பவில்லை. சாரம் ஏற முடியாதென்று ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள்.

7

உங்கள் கடிதங்கள் இப்போது சிறுத்துக்கொண்டே வருகின்றன. பாதி இடத்தில் நான் வாங்கி வரவேண்டிய சாமான்கள். நீங்கள் பேசி அனுப்பிய போன கேசட்டில் ராசேந்திரன் குரல் உடைந்திருந்தது, யாரோ வேற்று ஆள் பேசுகிறான் என்று நிறுத்திவிட்டேன். அதனால் அப்பா சொல்வது நீளமாக இருக்கிறது என்று இந்த இடத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

பெரம்பலூர் ஆளை நான் பார்த்ததில்லை. மொபெட்டில் வருகிற யாரையும் நம்பிவிடு என்று சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் சந்தேகம் முழுதும் போகவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்களே, உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்று இப்போதும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் அவரைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த தரம் வந்தால், எங்க அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் இரண்டு விரல் எடுத்திருக்கிறது, அதைப் பாரத்தில் எழுதலாமா என்று கேளுங்கள். "அதெல்லாம் எழுதாதீங்க, இல்லைன்னு போட்ருங்க" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவர் ஏஜெண்டுக்கு அண்ணன் தம்பி. "எழுதுங்க, ஆனா பணம் கூடும்" என்றோ, "அப்பாவுக்குக் கிடைக்காது, மத்தவங்களுக்கு உண்டு" என்றோ சொன்னால் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்து உட்காரவைத்து, முழுதும் கேளுங்கள். கையெழுத்தை மட்டும் என் பதில் வந்த பிறகு போடுங்கள்.

இது ரத்தத்தில் இறங்கி வருகிற வியாதி என்கிறார் டாக்டர். அதனால் நீங்கள் இரண்டு பேரும், வயதை உத்தேசித்து அம்மாவும், ஜெயங்கொண்டத்துக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் மூன்று சீட்டு. அம்மாவைப் பேச விட்டால் ஒரே சீட்டில் முடிக்கப் பார்ப்பாள், விடாதீர்கள். கலியபெருமாளை எங்கேயாவது பார்த்தால் என் காலைப் பற்றி மூச்சு விடவேண்டாம். தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வான். அவனால் இல்லை.

8

இவ்வளவும் எழுதி நேற்று பேனாவை மூடி வைத்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். இரண்டு உள்ளங்காலையும் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், புண் வந்தாலும் வலிக்காது, கண்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அறையில் ஆள் இருந்தால் எனக்குக் கூச்சம். கதவைச் சாத்திவிட்டு, சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பிடித்தேன்.

வலது காலில், ஒன்றும் ஆகாத காலில், குதிகாலுக்கு மேலே மிளகளவு ஒரு சிவப்பு. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை. ஷூ கடித்திருக்கும் என்று உடனே மனசு சொன்னது. நேற்றே இருந்ததுதான் என்றும் சொன்னது. நாளைக்கு அது பெரிதாகியிருந்தால், இவ்வளவுதான் முதலிலிருந்தே இருந்தது என்று அதே மனசு சொல்லும். அதன் புத்தி எனக்குத் தெரியும்.

ஸ்டோரில் பலகைக்குக் குறி போடும் பென்சிலை எடுத்து நுனியை எச்சிலில் நனைத்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சிவப்பின் ஓரத்தை ஒட்டியே, இம்மியும் இடம் விடாமல், சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.